உச்சி வெயிலும் ஒரு வார வானிலை அறிக்கையும்: எச்சரிக்கை யாருக்காக?

கொழும்பு கொள்ளுப்பிட்டிப் பகுதியிலுள்ள தமிழ், முஸ்லிம் இல்லங்களில் சித்திரை நெருங்கும்போது இருவகை நாட்காட்டிகள் அடிக்கடி பார்க்கப்படுகின்றன. ஒன்று புத்தாண்டின் புண்ணியகாலத்தைக் கூறும் பஞ்சாங்க நாட்காட்டி. மற்றையது ஐவேளைத் தொழுகை நேரங்களைத் தாங்கிய நாட்காட்டி. இரண்டும் சூரியனைக் கணித்தே எழுதப்பட்டவை. சூரியன் மேட இராசியில் பிரவேசிக்கும் வேளையை முதலாவது கூறுகிறது. சூரியன் உச்சியைக் கடந்து சாயத் தொடங்கும் வேளையை, அதாவது லுஹர் தொழுகை நேரத்தின் ஆரம்பத்தை, இரண்டாவது கூறுகிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் கொழும்பில் அந்நேரம் நண்பகல் 12.13 மணியளவாகும். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அவ்வேளையில் நமது நிழல் வடக்கேயோ தெற்கேயோ சிறிதாயினும் நீண்டு கிடக்கும். இந்நாட்களிலோ அது காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது.

சூரியனின் வடதிசை நோக்கிய இயக்கம் காரணமாக ஏப்ரல் 5ஆம் திகதி முதல் 15ஆம் திகதி வரையான காலத்தில் அது இலங்கையின் அகலக்கோடுகளுக்கு நேரே உச்சம் கொடுக்கிறது. தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கி, 7ஆம், 8ஆம் திகதிகளில் கொழும்பைக் கடந்து, புத்தாண்டையொட்டி யாழ்ப்பாணக் குடாநாட்டை அது அடைகிறது. இதனை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் ஊர்ப் பெயர்களுடன் நாள்தவறாது அறிவித்து வருகின்றது. அத்துடன் வரும் நாட்களுக்கான வானிலை அறிக்கையும் வெளியாகிறது. காலையில் பெரும்பாலும் சீரான வானிலை, பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மேல், சப்ரகமுவ, மத்திய, ஊவா மாகாணங்களில் இடியுடன் கூடிய மழை, சில மாவட்டங்களில் மனித உடலால் உணரப்படும் வெப்பம் கவனம் செலுத்த வேண்டிய மட்டத்தில் இருக்கும் என்பன இப்பருவத்தில் அவ்வறிக்கையில் வழமையாக இடம்பெறும் வாசகங்களாகும்.

வாசகர்களில் பலர் இதனை ஒரு கண்ணோட்டத்தோடு கடந்துவிடுகின்றனர். சித்திரையில் வெயில் கொளுத்தும் என்பதை அறிந்துகொள்ள ஒரு திணைக்களம் வேண்டுமா என்று எண்ணுவோரும் உளர். ஆயினும் பத்திரிகையின் ஒரு மூலையில் இடம்பெறும் இச்சிறு அறிக்கை பாரதூரமான வினாவொன்றை எழுப்புகின்றது. நிழலில் இருங்கள், நீர் அருந்துங்கள், கடும் வேலைகளைத் தவிருங்கள் என்று அது கூறுகிறது. அவ்வாறு செய்யும் சுதந்திரம் யாருக்கு உண்டு? வானிலை அறிக்கையை வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தேவைப்படுபவர்களுக்கோ அதன்படி நடக்கும் உரிமை இல்லை. இம்முரண்பாட்டைத் தீர்க்காத வரை எத்தனை துல்லியமான எதிர்வுகூறலும் முழுப்பயன் தரப்போவதில்லை.

முதலில், இவ்வெப்பம் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். சூரியன் தலைக்கு நேரே வருவதே அனைத்துக்கும் காரணம் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. அது பாதி உண்மையே. ஓகஸ்ட் இறுதியிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் சூரியன் தெற்கு நோக்கித் திரும்பும்போது மீண்டும் ஒருமுறை இலங்கைக்கு நேரே உச்சம் கொடுக்கிறது. ஆனால் அக்காலத்தில் கொழும்பு மக்கள் இந்த அளவுக்கு வாடுவதில்லை. தென்மேல் பருவக்காற்று வீசிக்கொண்டிருப்பதும் வானில் முகில் சூழ்ந்திருப்பதுமே அதற்குக் காரணமாகும். மார்ச், ஏப்ரல் மாதங்களோ இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்டவை. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிடும். தென்மேல் பருவக்காற்று இன்னும் ஆரம்பித்திருக்காது. கடல் நன்கு வெப்பமடைந்திருக்கும். அதிலிருந்து எழும் ஈரப்பதன் காற்றில் தேங்கி நிற்கும். ஆகவே சித்திரை வெப்பம் என்பது வெயிலும் ஈரமும் காற்றின்மையும் ஒன்று கூடியதன் விளைவாகும்.

வெப்பச் சுட்டெண் எனும் கணிப்பு இதனாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை, உடல் குளிர்வதுமில்லை. வெப்பமானி 32 பாகை செல்சியஸ் காட்டும் ஒரு நாளில் ஈரப்பதன் 70 சதவீதமாக இருப்பின், உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 40 பாகையாகும். இக்கணிப்பும் நிழலுக்கு உரியது. நேர் வெயிலில் நிற்பவர் இதற்கு மேலும் 8 பாகை வரை கூடுதலாக உணரக்கூடும் என்பது வெப்பச் சுட்டெண்ணைப் பயன்படுத்தும் அமெரிக்க வானிலைச் சேவையின் விளக்கமாகும். சர்வதேச வகுப்பின்படி, சுட்டெண் 41 பாகையைத் தாண்டினால் அது அபாய மட்டமாகும். அந்நிலையில் தொடர்ந்து உழைப்பவருக்கு உடற்சோர்வும் தசைப்பிடிப்பும் ஏற்படுவது பெரும்பாலும் நிச்சயம். உடலின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டி நினைவு தடுமாறும் வெப்பப் பக்கவாத நிலையும் ஏற்படலாம். உரிய சிகிச்சை உடனடியாகக் கிடைக்காவிடின் அது உயிரையே பறித்துவிடும்.

இங்கு நமது மக்களிடையே நிலவும் ஒரு மயக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை இல்லங்களில் தமிழகத் தொலைக்காட்சிகள் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. அவற்றில் வேலூரிலும் திருத்தணியிலும் 40 பாகையைத் தாண்டிய வெயில் பற்றிய செய்திகளையும், மே மாதத்தில் ஆரம்பிக்கும் அக்கினி நட்சத்திரம் பற்றிய அறிவிப்புகளையும் பார்ப்பவர்கள், 32 பாகை நிலவும் கொழும்பு நமக்குப் பரவாயில்லை என்று ஆறுதல் கொள்கின்றனர். இது தவறான ஒப்பீடாகும். அக்கினி நட்சத்திரம் தமிழகத்தில் உச்சத்தில் இருக்கும் மே மாதத்தின் பிற்பகுதியில் கொழும்பில் தென்மேல் பருவமழை ஆரம்பிப்பது வழமை. நமது கடும் காலம் அதற்கு முன்பே வந்து போய்விடுகின்றது. இந்தியாவில் சமவெளிகளில் 40 பாகையும் கரையோரத்தில் 37 பாகையும் வெப்ப அலைப் பிரகடனத்துக்கான அடிப்படை வரம்புகளாகக் கொள்ளப்படுகின்றன. அந்த அளவுகோலை இங்கு பிரயோகித்தால் கொழும்பில் வெப்ப அலை என்ற ஒன்று ஏறக்குறைய எப்போதுமே நிகழாது. வெப்பமானியை மாத்திரம் நோக்குபவர் கொழும்பின் வெப்பத்தைக் காணமாட்டார்.

அடுத்து, ஒரு வாரத்துக்கான எதிர்வுகூறல் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை நோக்குவோம். அயனமண்டல நாடொன்றில் மாலை நேர இடிமழை எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பெய்யும் என்பதை ஐந்து நாட்களுக்கு முன்னர் எவராலும் கூறிவிட இயலாது. பொரளையில் கொட்டும் மழை கொள்ளுப்பிட்டியில் ஒரு துளியும் விழாது போகலாம். இதனை அனுபவத்தில் அறிந்த மக்கள், வானிலை அறிக்கை முழுவதையுமே நம்ப முடியாது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். ஆனால் வெப்பத்தின் இயல்பு வேறு. அது பரந்த பிரதேசமெங்கும் ஒரே சீராக நிலைத்து நிற்பது; மெல்ல ஏறி மெல்ல இறங்குவது. காற்று ஓய்ந்த, ஈரம் மிகுந்த ஒரு காலப்பகுதி வரவிருப்பதை உலகளாவிய கணினி மாதிரிகளின் துணையுடன் பல நாட்களுக்கு முன்னரே போதிய நம்பிக்கையுடன் கூற முடியும். அதாவது, மழையைப் பற்றிய எதிர்வுகூறலைவிட வெப்பத்தைப் பற்றிய எதிர்வுகூறல் நம்பத்தகுந்தது.

ஆயினும் நடைமுறையில் வெப்பச் சுட்டெண் அறிவித்தல் பெரும்பாலும் மறுநாளுக்கு மாத்திரமே உரியதாக வெளியிடப்பட்டு வந்துள்ளது. வீட்டிலிருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் முன்னறிவித்தல் போதுமானதாகலாம். ஆனால் நூறு தொழிலாளர்களை வைத்து வேலை செய்விக்கும் ஒப்பந்தகாரருக்கோ, விளையாட்டுப் போட்டியை ஒழுங்கு செய்யும் பாடசாலைக்கோ, திருவிழா நடத்தும் ஆலய நிருவாகத்துக்கோ அது போதாது. மாலையில் வெளியாகும் அறிவித்தலைக் கண்டு மறுநாள் காலை வேலை ஒழுங்கை மாற்றுவது இலகுவன்று. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்குமான வெப்ப எதிர்பார்ப்பு மாவட்ட ரீதியாகக் கிடைக்குமாயின், வேலை நேரத்தைத் திட்டமிட எவருக்கும் சாக்குப்போக்கு இராது.

இனி, அந்த அறிக்கை சென்றடைய வேண்டிய மனிதர்களிடம் வருவோம். நண்பகல் 12 மணிக்குக் கொள்ளுப்பிட்டிச் சந்தியில் நின்று நோக்கினால் இந்நகரின் இரு வேறு தட்பவெப்ப நிலைகளை ஒரே பார்வையில் காணலாம். காலி வீதியின் இருமருங்கிலும் உள்ள வங்கிகளிலும் அலுவலகங்களிலும் குளிரூட்டிகள் இயங்குகின்றன. அவை உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே வீதிக்குத் தள்ளுகின்றன. அவ்வீதியிலேதான் போக்குவரத்துப் பொலிஸார் நிற்கின்றனர். முச்சக்கர வண்டிச் சாரதிகள் காத்திருக்கின்றனர். இளநீர் வியாபாரியும் துப்புரவுத் தொழிலாளியும் உழைக்கின்றனர். சற்று மேலே நிமிர்ந்தால், கடலோரமாக எழும்பும் தொடர்மாடிகளின் உச்சியில் கம்பி கட்டுவோரையும் பலகை அடிப்போரையும் காணலாம். அவர்களுக்கும் சூரியனுக்கும் இடையில் நிழல் என்ற ஒன்று இல்லை. அவர்களில் மலையகத் தோட்டங்களிலிருந்தும் வடக்கு, கிழக்குக் கிராமங்களிலிருந்தும் நாட்கூலிக்கு வந்த இளைஞர்களும் அடங்குவர். புறக்கோட்டையில் மூடைகளையும் கைவண்டிகளையும் இழுக்கும் நாட்டாமைமாரின் நிலையும் இதுவே.

மாலையில் வீடு திரும்பினாலும் இவர்களுக்கு ஆறுதல் இல்லை. கொம்பனித்தெரு, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி போன்ற பகுதிகளின் நெருக்கமான குடியிருப்புகளில் தகரக் கூரைகள் பகல் முழுவதும் வெப்பத்தைக் குடித்து வீட்டினுள்ளே இறக்குகின்றன. சுற்றியுள்ள கொங்கிரீட்டும் தாரும் இரவிலும் அனலை வெளிவிடுகின்றன. பகலில் சூடேறிய உடல் இரவில் தணிய வேண்டும். தணியாவிடின் மறுநாள் அது களைப்புடனேயே வெயிலுக்குள் இறங்குகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலாகியபோது, மின்விசிறியும் இன்றி அவ்வெப்பத்தை எதிர்கொண்ட அனுபவம் கொழும்பு மக்கள் மறந்துவிடக் கூடியதன்று.

அத்தகைய தொழிலாளி ஒருவரிடம் நண்பகல் வெயிலைத் தவிருங்கள் என்று கூறுவதன் பொருள் என்ன? வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி குறையும். மேற்பார்வையாளர் மறுநாள் வேறொருவரை அழைத்துக்கொள்வார். ஆகவே அவர் தொடர்ந்து உழைப்பார். ஆலோசனை வழங்கியாயிற்று என்று அரசு தனது கடமையை முடித்துக்கொள்ளும். பாதிப்பு ஏற்படின் அது அவரது கவனயீனமாகிவிடும். வெப்பத்தால் ஏற்படும் மரணங்கள் பல வேளைகளில் மாரடைப்பு என்றோ சிறுநீரக நோய் என்றோ பதிவாகி, வெப்பத்தின் பெயர் எங்குமே எழுதப்படாது போய்விடுகின்றன. உலகில் 240 கோடிக்கும் அதிகமான தொழிலாளர்கள் அதீத வெப்பத்துக்கு முகங்கொடுக்கின்றனர் என்றும், அதனால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 19,000 பேர் தொழில்சார்ந்து உயிரிழக்கின்றனர் என்றும் சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2024இல் மதிப்பிட்டது. இவை வானிலையின் கணக்குகள் அல்ல. தொழில் உறவுகளின் கணக்குகள்.

இவ்விடத்தில் நாம் வெட்கப்பட வேண்டிய ஓர் ஒப்பீடு உண்டு. இலட்சக்கணக்கான இலங்கையர் தொழில் புரியும் வளைகுடா நாடுகளில் கோடைகால நண்பகல் வேலைத் தடை சட்டமாக உள்ளது. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணி தொடக்கம் பிற்பகல் 3.30 மணி வரை திறந்த வெளியில் வேலை செய்விக்க முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை அத்தடை நிலவுகிறது. குவைத்திலும் சவூதி அரேபியாவிலும் இவ்வாறான விதிகள் உள்ளன. அவை எங்கும் முழுமையாகப் பின்பற்றப்படுகின்றன என்று கூறிவிட முடியாது. தொழிலாளர் உரிமை தொடர்பில் அந்நாடுகள் மீது பல குற்றச்சாட்டுகள் உள்ளன. எனினும் டோஹாவில் கட்டட வேலை செய்யும் அக்கரைப்பற்று இளைஞனுக்கு, நண்பகலில் வேலையை நிறுத்தும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் தருகின்றது. கொள்ளுப்பிட்டியில் அதே வேலையைச் செய்யும் அவனது சகோதரனுக்குச் சொந்த நாடு அதனைத் தரவில்லை.

வளைகுடாவின் பாலைவன வெயிலோடு நம்மை ஒப்பிடலாகாது என்று ஒரு வாதம் முன்வைக்கப்படலாம். அவ்வாறாயின் கேரளத்தை நோக்குவோம். கடலும் ஈரமும் தென்னையும் கொண்ட அந்நிலம் நமது மேல் மாகாணத்தின் உடன்பிறப்பு எனலாம். எண்ணெய் வளம் எதுவும் அங்கில்லை. ஆயினும் கோடை வந்ததும் அம்மாநிலத் தொழில் ஆணையாளர், நேர் வெயிலில் வேலை செய்வோருக்கு நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வளிக்குமாறு உத்தரவிடுகின்றார். வேலை காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில் எட்டு மணித்தியாலங்களாக மாற்றி அமைக்கப்படுகின்றது. வேலை நேரம் குறைவதில்லை. ஆகவே கூலியும் குறைய வேண்டியதில்லை. ஜப்பானும் 2025 ஜூன் முதல், கடும் வெப்பத்தில் வேலை செய்விக்கும் தொழில்தருநர்கள் வெப்பப் பாதிப்பைத் தடுக்கும் ஏற்பாடுகளைச் செய்வதைச் சட்டக் கடமையாக்கியுள்ளது.

இலங்கையில் நாடு தழுவிய இத்தகைய நண்பகல் வேலைத் தடை எதுவும் இல்லை. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், வேலை அறைகளின் வெப்பநிலையும் காற்றோட்டமும் தகுந்தவாறு இருக்க வேண்டும் என்று கூறுகின்றது. கூரையின் கீழ் உழைப்பவரைப் பற்றி எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே சிந்தித்த நாம், கூரையே இன்றி உழைப்பவரைப் பற்றி இன்னும் உரியவாறு சிந்திக்கவில்லை. இதில் வேடிக்கையான, அதேவேளை வேதனையான விடயம் ஒன்றுண்டு. கொங்கிரீட் கலவை குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனை பெரிய கட்டட ஒப்பந்தங்களில் சாதாரணமாக இடம்பெறும். வெயில் கடுமையானால் கலவையை அதிகாலையிலோ இரவிலோ இடுவார்கள். பனிக்கட்டி சேர்த்துக் குளிர்விப்பார்கள். கொங்கிரீட்டுக்குக் காட்டப்படும் இந்த அக்கறை, அதனைச் சுமக்கும் மனிதனுக்கும் காட்டப்பட வேண்டும் என்று கோருவது மிகையான கோரிக்கையன்று.

நடைமுறைச் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. சித்திரையில் பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடிமழையும் மின்னலும் வருவதால், நண்பகல் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுவது வெயிலிலிருந்து தப்பி மின்னலில் அகப்படுவதாகிவிடலாம். ஆகவே நமது நிலைமைக்கு வேலையைக் காலை 6 மணிக்கே ஆரம்பிப்பதே பொருத்தமானது. எந்த நாளில் எந்த ஒழுங்கு பாதுகாப்பானது என்பதைத் தீர்மானிக்கத்தான் வாராந்த எதிர்வுகூறல் தேவைப்படுகின்றது. கட்டுமான வேலைகள் தாமதமாகும் என்ற ஆட்சேபமும் எழலாம். ஆனால் தளர்ந்த உடல் மெதுவாகவே வேலை செய்கிறது. தவறுகளும் விபத்துகளும் அதிகரிக்கின்றன. உச்சி வெயிலில் பெறப்படும் மூன்று மணித்தியால வேலை, உண்மையில் மூன்று மணித்தியால வேலையன்று என்பதைக் கட்டடத் தளத்தில் ஒரு நாள் நின்று பார்த்த எவரும் ஒப்புக்கொள்வர்.

வெப்பம் எல்லோர் மீதும் ஒரே விதமாகவே விழுகிறது. அது கொல்வது ஒரே விதமாக அல்ல. 2015 ஜூன் மாதம், ரமழான் நோன்பு ஆரம்பித்த நாட்களில் கராச்சி நகரைத் தாக்கிய வெப்ப அலையில் 1,200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்காற்று நின்றுபோனமையும் மின்வெட்டும் அந்த அழிவைப் பெருக்கின. 2024 ஜூனில் ஹஜ் கடமையின்போது மக்காவில் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது; 1,301 பேர் உயிரிழந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலானோர் அனுமதி பெறாது வந்தவர்கள். குளிரூட்டப்பட்ட கூடாரங்களும் வாகனங்களும் இன்றி நேர் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஒரே வானத்தின் கீழ், ஒரே கடமையை நிறைவேற்ற வந்தவர்களிடையே நிழல் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற வேறுபாடே பலரது உயிரைத் தீர்மானித்தது.

மறுபுறம், முன்னேற்பாடு உயிர் காக்கும் என்பதற்கும் நமது பிராந்தியத்திலேயே சான்று உண்டு. 2010 மே மாத வெப்ப அலையில், வழமையைவிட 1,300க்கும் அதிகமான மேலதிக மரணங்களைச் சந்தித்த அகமதாபாத் நகரம், 2013இல் தெற்காசியாவின் முதலாவது நகர வெப்பச் செயற்றிட்டத்தை உருவாக்கியது. எதிர்வுகூறல் குறிப்பிட்ட மட்டத்தை எட்டியதும் எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பது அதில் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது. வைத்தியசாலைகள் தயாராகின்றன; குடிநீர் நிலையங்கள் திறக்கப்படுகின்றன; குறைந்த வருமானப் பகுதிகளின் கூரைகளுக்கு வெண்பூச்சு இடப்படுகின்றது. எச்சரிக்கை அங்கு ஒரு செய்தியாக நின்றுவிடாமல் கட்டளையாக மாறுகின்றது. இலங்கையிலும் இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் வெப்பம் கடுமையானபோது, மாணவர்களின் வெளிக்களச் செயற்பாடுகளை மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் வழங்கியது. மாணவருக்குச் செய்ய முடிந்ததைத் தொழிலாளருக்கும் செய்ய முடியும்.

எச்சரிக்கை பயன்பட வேண்டுமாயின் அது விளங்கும் மொழியில், உரிய வேளையில் கிடைக்க வேண்டும் என்பது அடுத்த விடயம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் நாட்டைத் தாக்கி 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, அரச நிறுவனங்களின் எச்சரிக்கைகள் தமிழில் குறைவாகவும் தாமதமாகவும் வெளியாகின என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. மண்சரிவு அபாயத்தில் வாழும் மலையக மக்களில் பெரும்பான்மையோர் தமிழ் பேசுவோர் என்பதை எண்ணும்போது அவ்விமர்சனத்தின் கனதி விளங்கும். புயலுக்கே இந்நிலையாயின், சத்தமின்றி வரும் வெப்பத்துக்கு எவ்வாறு இருக்கும் என்பதைக் கூறத் தேவையில்லை.

தமிழில் வெளியாவது மாத்திரம் போதுமானதன்று. சொற்களும் தெளிவாக இருத்தல் வேண்டும். கவனம், அதிக கவனம், அபாயம், அதிக அபாயம் என்பன நான்கு வேறுபட்ட படிகள். ஆனால் ஓர் ஊடகம் கவனம் என்பதை எச்சரிக்கை என்று எழுதுகின்றது. மற்றொன்று அதனையே அபாயம் என்கின்றது. இன்னொன்று எல்லாவற்றையும் கடும் வெப்பம் என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றது. நாள்தோறும் அபாயம் என்று வாசிப்பவர், உண்மையான அபாயம் வரும் நாளில் அதனைப் பொருட்படுத்தமாட்டார். இப்பொறுப்பில் திணைக்களத்துக்கு மாத்திரமன்றி, தமிழ் ஊடகங்களாகிய நமக்கும் பங்குண்டு. படிகளுக்குரிய சொற்களை ஒரே விதமாகவும், ஒவ்வொரு படியிலும் செய்ய வேண்டியதை ஒரு வரியிலும் கூறும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வது கடினமான காரியமன்று.

நமது சமூகங்களின் பங்களிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் வருவோருக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதை அறமாகக் கொண்டது தமிழ் மரபு. தாகித்தவருக்கு நீர் புகட்டுவதைச் சிறந்த தர்மமாகப் போதிப்பது இஸ்லாம். வெசாக் காலத்தில் தன்சல் அமைத்துப் பானம் வழங்கும் பௌத்த வழக்கத்தையும் நாம் காண்கிறோம். ஜும்ஆவுக்காக வெள்ளிக்கிழமைகளில் நண்பகலிலேயே மக்கள் திரளும் பள்ளிவாசல்கள், அவ்வாரத்தின் வெப்ப எதிர்வுகூறலை இரண்டு நிமிடங்களில் அறிவிக்கலாம். சித்திரைத் திருவிழா நடத்தும் ஆலயங்கள், தேர் வடம் பிடிக்கும் நேரத்தை வெயில் ஏறுமுன் அமைத்துக்கொள்ளலாம். தொடர்மாடி கட்டப்படும் வீதியில் வசிப்போர், தமது வாயிலில் குடிநீர் வைக்கலாம். ஆனால் தர்மம் சட்டத்துக்கு மாற்றாகாது. தண்ணீர் கொடுப்பவர் ஒருவரின் தாகத்தைத் தணிக்கலாம். அவரை வெயிலிலிருந்து இறக்கும் அதிகாரம் அவருக்கில்லை.

உலக வானிலை அமைப்பின் கணிப்பின்படி 2024ஆம் ஆண்டே அதுவரை பதிவானவற்றுள் மிக வெப்பமான ஆண்டாகும். புவியின் சராசரி வெப்பநிலை அவ்வாண்டில் 1850-1900 காலப்பகுதியைவிட ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது. ஒவ்வொரு மனிதரும் முன்னெச்சரிக்கையால் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற ஐக்கிய நாடுகளின் திட்டம் 2027ஆம் ஆண்டின் இறுதியைத் தனது இலக்காகக் கொண்டுள்ளது. இலங்கை அதனை எட்ட வேண்டுமாயின் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. வெப்பச் சுட்டெண்ணை மறுநாளுக்கு மாத்திரமன்றிக் குறைந்தது ஐந்து நாட்களுக்கு மாவட்ட ரீதியாக மும்மொழிகளிலும் ஒரே வேளையில் வெளியிட வேண்டும். அது அபாய மட்டத்தை எட்டும் நாட்களில், கூலி குறையாமல், நேர் வெயில் வேலையை நண்பகலில் நிறுத்தும் விதியொன்றைத் தொழில் திணைக்களம் கொண்டுவர வேண்டும். கட்டட அனுமதி வழங்கும்போதே நிழலும் குடிநீரும் ஓய்விடமும் நிபந்தனைகளாக்கப்பட வேண்டும்.

இத்தகைய விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களும் உள்ளனர். வீடு திருத்துவதற்கு மேசனை அழைத்திருப்பவர், கடைக்கு மூடை இறக்குவிப்பவர், தோட்டத்தைத் துப்புரவு செய்விப்பவர் ஆகிய நாம் அனைவரும் ஒரு நாளுக்கேனும் தொழில்தருநர்களே. நாட்காட்டியைப் பார்த்துப் புண்ணியகாலத்தையும் தொழுகை நேரத்தையும் தவறாது பேணும் நாம், அதே சூரியன் உச்சியில் நிற்கும் அந்த மூன்று மணித்தியாலங்களுக்கு, நமக்காக உழைக்கும் மனிதரை நிழலுக்கு அழைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அன்றைய கூலியைக் குறைக்காமல் அதனைச் செய்ய வேண்டும்.